பத்துக்கு ஆறு

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. பள்ளிக்கூடம் முழுக்க அவர் கண்ணு வாத்தியார்தான். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இருபத்தொன்பது வருஷமாக மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நாவல் பாடம் நடத்துகிற மனிதர், எந்தப் பத்தியை எடுத்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது யாரு கண்ணு?" அதாவது, இந்தக் காட்சியை யார் பார்க்கிறார்கள், யார் பார்த்தது நம் காதுக்கு வருகிறது என்று. கேட்டுக் கேட்டு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த கணக்கு டீச்சர், பாவம், அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, படியிறங்கும்போதெல்லாம் "பாத்து சார், பாத்து" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடம் நன்றாகத்தான் நடத்துவார். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு சதுர அட்டையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அதைக் கண்ணில் வைத்து, ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் சொல்லச் சொல்வார். ஜன்னல் பக்கம் நிற்கிறவனுக்குத் தெருவில் கிடக்கும் சாக்கடை மூடி தெரியும். கதவுப் பக்கம் நிற்கிறவளுக்கு வராந்தாவில் நடந்துபோகும் தலைமை ஆசிரியரின் தொந்தி மட்டும் தெரியும். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் சொல்வார்: "கதையில வர்ற ஒவ்வொரு ஆளும் இப்படி ஒரு ஓட்டை வழியாத்தான் பாக்குறான். அதுக்கு வெளிய இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நீங்க எழுதினா அது கோணத் தப்பு." பிறகு கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுவார்: தன் முதுகு தனக்குத் தெரியாது. அவரிடம் படித்த பிள்ளைகள் நாற்பது வயதில் வேறு எல்லாவற்றையும் மறந்தாலும் அந்த ஒரு வரியை மறக்க மாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வகுப்புக்குள் நுழையும்போது சட்டைப்பையில் இருந்த போனில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "ஞாயிறு வருகிறேன். அம்மாவின் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போய் சித்தி வீட்டில் வைக்க வேண்டும். பதினெட்டாம் தேதி விமானம்." அவ்வளவுதான். நர்ஸ் வேலை பார்க்கிற பெண். கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, ஐந்து வருஷ ஒப்பந்தம். போவதற்கு முன்னால் அப்பாவைப் பார்க்க வருகிறாள் என்று சொல்ல முடியாது. மெஷினைப் பார்க்க வருகிறாள், அப்பா அது இருக்கிற வீட்டில் இருக்கிறார்.

மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. இடது அக்குள் பக்கம் ஒரு கட்டி. டாக்டரிடம் போனபோது அது உடம்பெல்லாம் வேர்விட்டிருந்தது, ஐந்தே மாதத்தில் முடிந்துபோனாள். "இவ்வளவு நாள் வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அவ எதையும் வெளிய காட்டிக்கல சார்" என்று இவர் சொன்னார். அப்புறம் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னார், மனதாரத்தான் சொன்னார். மகளுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. காரியமெல்லாம் ஆன மறுவாரமே, சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போனாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். நான்கே கேள்வி. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா, வெச்சிடட்டுமா. மூன்றாவது கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் நடுவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். இவர் ஏதாவது சொல்வாரா என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். என்ன சொல்வதென்று இவருக்குத் தெரியாது. இவரும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருப்பார். தன்மேல் அவளுக்கு ஏதோ ஒரு கோபம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். என்ன கோபம்? ஆஸ்பத்திரியில் கூடவே இருக்கவில்லை என்றா? சாவு வீட்டில் சரியாக அழவில்லை என்றா? கதைமாந்தர் மனதைக் கூறு போட்டுக் காட்டுகிறவருக்குப் பெற்ற பெண்ணின் மனதில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அவள் விமானம் ஏறுவதற்குள் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும், ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும். அந்த வாரம் முழுவதும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்படி ஒரு மனநிலையில்தான் அன்று தப்பு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

தப்பு நோட்டு என்பது அவருடைய சொத்து. பிள்ளைகள் விடைத்தாளில் செய்கிற ருசியான தவறுகளை, பெயர் போடாமல், தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிற தடித்த நோட்டு. கோணத் தப்பு பாடத்துக்கு அதில் பதினான்காம் பக்கம். வருஷா வருஷம் அதே பக்கத்தைத்தான் வாசிப்பார். அதைவிட நல்ல தப்பு அவருக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

அதை எழுதியது அவர் மகள்.

அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், அவர் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொல்லும். இவள் மக்கு இல்லை, அதுதான் அவருக்குச் சங்கடம். அப்பன்காரன் மார்க்கை அள்ளிப் போடுகிறான் என்று ஒரு வாயும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மற்றப் பிள்ளைகள் தாளை ஒரு கண்ணாலும் இவள் தாளைப் பூதக்கண்ணாடியாலும் பார்த்தார். பாடத்தில் இருந்த நாவல், வீடு கட்டுகிற ஒரு குமாஸ்தாவின் கதை. இருநூற்று நாற்பது பக்கத்தில் குமாஸ்தாவின் மனைவி பேசுவது மொத்தம் ஒன்பது வாக்கியம். வாத்தியார் எண்ணி வைத்திருந்தார். அரையாண்டுத் தேர்வில் அதைத்தான் கேள்வியாக வைத்தார்: அதிகாரி விருந்துக்கு வரும் எட்டாம் அத்தியாயத்தை மனைவியே சொல்வதாக எழுதுக. பத்து மதிப்பெண்.

மகள் இப்படி எழுதியிருந்தாள்:

"விருந்தாளிகள் போன பிறகு நான் துணி காயப்போடப் போனேன். இடது கையைத் தூக்கும்போது என் முகம் வெளுத்துப்போகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்குகிறேன். கொடியைத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். அவர் கட்டிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. சொல்லிவிடலாம்தான். வீடு கட்டி முடியட்டும், அவருக்கு மனசு சிதறக் கூடாது என்று தள்ளிப்போடுகிறேன். நான் தள்ளிப்போடுவது எனக்கே பயமாக இருக்கிறது."

அதன் பக்கத்தில் அப்பா சிவப்பு மையில் எழுதினார்: "நாவலில் துணி காயப்போடும் காட்சியே இல்லை. ஆதாரம் எங்கே?" அடுத்த வரிக்கு நேரே: "தன் முகம் வெளுப்பதைத் தானே எப்படிப் பார்க்க முடியும்? கோணத் தப்பு." இரண்டுக்கும் சேர்த்து நான்கு மதிப்பெண் கழித்து, பத்துக்கு ஆறு போட்டார். அதோடு விட்டாரா? மறுநாள் வகுப்பில் அவளை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டே அதை வாசித்துக் காட்டி, தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வகுப்பு சிரித்தது. அவள் பெஞ்சில் யாரோ செதுக்கிய ஒரு எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பெற்ற பெண் என்றும் பார்க்காத தன் நியாயத்தைப் பற்றி அன்று அவருக்கு ஒரே பெருமை.

இந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போல வாசித்து முடித்து, "தப்பு எங்க இருக்கு?" என்றார். பாதி வகுப்பு கையைத் தூக்கியது. முன்வரிசைப் பையன் எழுந்து, "மொகம் சார். தன் மொகம் தனக்குத் தெரியாதில்ல சார்?" என்றான். சபாஷ் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

ஜன்னலோரம் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பாடத்தை வளர்த்துக்கொண்டே போனால் மணி அடித்துவிடும், கட்டுரை எழுத வேண்டியிருக்காது என்பது அவள் கணக்கு. "அப்போ அந்த மொகத்த பாத்தது யாரு சார்? பக்கத்து வீட்டு அக்காவா?" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"யாருமில்லம்மா, எழுதினவங்க சும்மா..." என்று ஆரம்பித்தார். கண் மறுபடி நோட்டுப் பக்கத்துக்குப் போனது.

எழுதினவள் பார்த்திருக்கிறாள். வேறு யார் பார்க்க முடியும்? துணி காயப்போடும் அம்மாவுக்குத் தெரியாமல் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அந்த மாதம் கொடியைத் தாழ்த்திக் கட்டியது யார்? இதே கைதான். "என்ன, திடீர்னு குள்ளமாயிட்டியா?" என்று கேலி பண்ணிக்கொண்டே ஒரு சாண் இறக்கிக் கட்டியது. மேல்தட்டில் இருந்த சர்க்கரை டப்பா கீழ்த்தட்டுக்கு வந்ததும் அந்த மாதம்தான். வாளியைத் தூக்குகிற கை மாறியது, தலை வாரும்போது பெண்ணைக் கூப்பிட்டுப் பின்னச் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அத்தனையும் அவர் பார்த்தவைதான். அவர் பார்த்தது டப்பாவை, கயிற்றை, வாளியை. கையைப் பார்க்கவில்லை.

ஊரில் உள்ள அத்தனை கதைக்கும் யார் கண் என்று கேட்டவர், இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் வாசித்திருக்கிறார். "எல்லாரும் ஒம்பதாம் அத்தியாயத்த படிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் சாக்பீஸைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மணி அடித்து, பிள்ளைகள் போன பின்பு, அடுத்த வகுப்புக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

ஞாயிறு வரைக்கும் நாட்கள் நகரவே இல்லை. போனை எடுப்பார், வைப்பார். இதைப் போனில் எப்படிக் கேட்பது?

பத்து மணிக்கு அவள் வந்தாள். கீழே ஒரு சின்ன வண்டி நின்றது. டிரைவர் பத்து நிமிஷத்தில் வந்து மெஷினை இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்பை வாசலில் ஓரமாக விட்டாள். "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மெஷின் மேல் கிடந்த பழைய போர்வையை எடுத்து மடித்தாள். பதினோரு வருஷத்துத் தூசி வெயிலில் எழுந்தது.

"டீ போடறேன், இரும்மா."

"வேண்டாம்ப்பா. வண்டி நிக்குது."

அவர் தப்பு நோட்டைக் கொண்டுவந்து மெஷின் பலகை மேல் வைத்தார். பதினான்காம் பக்கத்தைப் பிரித்தார். அவள் குனிந்து ஒரு வரிதான் படித்தாள். நிமிர்ந்தவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"இந்த மொகத்த பாத்தது நீதானேம்மா?"

அவள் அம்மாவின் அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். முழுக்கச் சுற்றி முடித்த பிறகுதான் பேசினாள்.

"ஆமாம்ப்பா. அரையாண்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பாத்தேன். கேட்டதுக்கு, கட்டிய காமிச்சாங்க. அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலைமேல கைய வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. உனக்குப் பெரிய பரீட்சை வருது, அவருக்குப் பேப்பர் திருத்தற வேலை வருது, பரீட்சை முடியட்டும், முடிஞ்ச மறுநாளே டாக்டர்கிட்ட போறேன்னாங்க. நம்ம வீட்டுல எல்லாமே பரீட்சை முடிஞ்சுதானேப்பா?"

அவர் நோட்டின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"வாயால சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். எழுத மாட்டேன்னு பண்ணல. நாங்க சொல்றத நீங்க பாதி காதுலதான் வாங்குவீங்க. விடைத்தாள மட்டும் ஒரு எழுத்து விடாம படிப்பீங்க. அதான் அதுல எழுதினேன்."

"அப்புறமாவது நேரா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா..."

"சொன்னேனேப்பா. நீங்க அத கிளாஸ்ல படிச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் அவர் தேடின காரணம் இதுதான். இவ்வளவு பெரிதாக, இவ்வளவு பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"வருஷா வருஷம் படிக்கிறீங்கன்னு தெரியும்," என்றாள். "என் சிநேகிதியோட தங்கச்சி உங்க கிளாஸ்லதான் படிச்சா. அவ வந்து சொன்னா. மொதல்ல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. அப்புறம் ஒரு நப்பாசை. ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் வர்ற மாசம், இந்தத் தடவையாவது அப்பாவுக்கு வெளங்கிடும்னு நெனப்பேன். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணுவேன். நீங்களே சொல்வீங்கன்னு."

"இந்த வருஷம் வெளங்கிடுச்சும்மா."

"ம்."

கோபமாக அவள் அதைச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மெஷினைத் தூக்குவதற்கு முன் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று அவள் பக்கவாட்டு இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டு, துருப்பிடித்த ஊசிகள், துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் துண்டு. அடியில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்து அவர் கையில் கொடுத்தாள். சிவப்பு மை வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. பத்துக்கு ஆறு நன்றாகத் தெரிந்தது.

"இது எப்படி இங்க? உங்கம்மா இத படிச்சாளா?"

"நீங்க திருத்திக் குடுத்த அன்னிக்கே அம்மாகிட்ட காட்டினேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. ரெண்டு தடவ படிச்சாங்க. சிரிச்சாங்க. 'உங்கப்பா சரியாத்தான்டி மார்க் போட்டிருக்காரு, என் மொகம் வெளுக்குதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது'ன்னாங்க."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் இழுப்பறையை மூடினாள்.

"அதுக்கப்புறம் நீங்க கேப்பீங்கன்னு இருந்தாங்கப்பா. படிச்சுட்டாரு, இன்னிக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு. நீங்க கேட்டா டாக்டர்கிட்ட போயிடலாம்னு முடிவே பண்ணிட்டாங்க. மூணாம் நாள் காலையில அடுப்படியிலேருந்து நீங்க அவங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. பேரச் சொல்லி நீங்க கூப்பிடறதே அபூர்வம். ஈரக்கைய தொடச்சுக்கிட்டு ஓடினாங்க. நானும் பின்னாடியே போனேன்."

"என்ன கேட்டேன்?"

"சர்க்கரை டப்பா எங்கன்னு கேட்டீங்க."

டிரைவர் இன்னொரு ஆளோடு மேலே வந்தார். இருவரும் மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து, கதவு இடுக்கில் இடிக்காமல், படிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள். மகள் பின்னாலேயே கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது, "மாத்திரைய மறக்காம போடுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கெழம போன் பண்ணுவியாம்மா?"

வண்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"பாக்கலாம்ப்பா."

வண்டி முனை திரும்புகிற வரைக்கும் படிக்கட்டிலேயே நின்றார். பிறகு மேலே வந்து, மெஷின் இருந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த நாலு கால் தடத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீரை அடுப்பில் வைத்தார். சர்க்கரை டப்பா இன்னமும் கீழ்த்தட்டில்தான் இருந்தது. பதினோரு வருஷமாக, இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே அவர் குனிந்துதான் எடுக்கிறார். ஏன் அது அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, மேலே எடுத்து வைத்ததும் இல்லை. இன்றும் குனிந்தார்.